நிலத்தடித் தண்டு: ‘கிழங்கு’ என்னும் சொல்லின் பொருளும் அதனை அறிவதன் பயனும்

மண்ணுக்கடியிற் பருத்து விளையும் பொருள் எதுவாயினும் அதனைக் ‘கிழங்கு’ என்று ஒரே பெயரால் வழங்குவது நம் நாட்டு வழக்கம். மஞ்சளும் இஞ்சியும் கிழங்கு. சேனையும் சேம்பும் கிழங்கு. உருளையும் சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும் கிழங்கு. வாழையின் அடிக்கட்டையும் கிழங்கு. வயலைப் பாழாக்கும் கோரையின் முண்டும் கிழங்கே. சமையலுக்கும் சந்தைக்கும் இவ்வொரு சொல் போதுமானது. ஆனால் நடவிற்கு விதை எடுக்கும்போதும், களையை ஒழிக்க முற்படும்போதும், நோய் கண்ட பயிரைக் குறித்து மேலிடத்திற்கு எழுதும்போதும் இது போதாது. ஏனெனில், மேலே சொல்லியவற்றுட் சில தண்டு, சில வேர். தண்டாயின் அதனை நடும் முறை ஒன்று, வேராயின் வேறொன்று. களையின் கிழங்கு தண்டாயிருக்குமாயின் அதனை வெட்டுவதே அதனைப் பெருக்குவதாக முடியும். இப்பேதத்தை அறியாமையால் விதைச் செலவும் உழவுச் செலவும் வீணாவது ஆண்டுதோறும் காணப்படுகின்ற விஷயமாதலின், அதனை இங்கு விளக்குவது பயனுடையதாகும்.

சொல்லின் வரலாறு

இஞ்சி, மஞ்சள் முதலியவற்றின் கிழங்கைத் தாவர நூலார் ‘ரைசோம்’ என்று அழைக்கின்றனர். கிரேக்க மொழியில் ‘ரைசா’ என்பது வேர். ‘ரைசோமா’ என்பது வேர்த்திரள். எனவே அச்சொல்லின் மூலப் பொருளும் வேர் என்பதையே தழுவியது. மண்ணுக்குள் இருப்பது வேராகத்தான் இருக்கும் என்று முன்னோர் பார்வையளவில் கொண்ட கருத்து அப்பெயரில் தங்கிவிட்டது. பிற்காலத்தில் அதன் அமைப்பை ஆராய்ந்தவர்கள் அது வேரன்று, மண்ணுக்குள் கிடையாகப் படரும் தண்டே என்று நிச்சயித்தனர். பெயர் மட்டும் மாறவில்லை.

தமிழ்ப் பாடநூல்களில் இதற்கு ‘மட்டநிலத்தண்டு’ என்னும் சொல் வழங்குகின்றது. இங்கு ‘மட்டம்’ என்பது தாழ்ந்தது என்னும் பொருளதன்று, கிடைநிலையைக் குறிப்பது. சிலர் ‘வேர்த்தண்டு’ என்றும், சிலர் ‘வேர்த்தண்டுக்கிழங்கு’ என்றும் எழுதுவர். இப்பெயர்களில் ‘வேர்’ என்னும் சொல் இருப்பினும், பொருள் தண்டு என்பதை மறத்தலாகாது. நாட்டு மருந்துக் கடைகளிலும் இக்குழப்பம் உண்டு. சித்தரத்தை, பேரரத்தை, வசம்பு ஆகியவற்றை வேர் என்று சொல்லி விற்பதுண்டு. இவை மூன்றும் மட்டநிலத்தண்டுகளே. கூகைக்கிழங்கு மாவை ‘ஆரோரூட்’ என்று வாங்குகிறோம். அப்பெயரின் பின்பாதிக்கு ஆங்கிலத்தில் வேர் என்று பொருள். ஆயினும் மாவு எடுக்கப்படுவது தண்டிலிருந்தே.

வேருக்கும் தண்டிற்கும் உள்ள பேதம்

ஒரு கிழங்கு தண்டா, வேரா என்று தீர்மானிப்பதற்குக் கருவியொன்றும் வேண்டுவதில்லை. கீழ்க்கண்ட அடையாளங்களைக் கண்ணாற் பார்த்தே அறியலாம்.

(1) தண்டிற் கணுவும் இடைக்கணுவும் உண்டு. இஞ்சியின் மேல் காணப்படும் வளையங்கள் கணுக்களே. வேரிற் கணு இல்லை.

(2) ஒவ்வொரு கணுவிலும் காய்ந்த செதில் ஒன்று ஒட்டியிருக்கும். இது மண்ணுக்குள் வேலையற்றுச் சிறுத்துப்போன இலையாகும். உதிர்ந்துவிட்டாலும் அதன் தழும்பு வளையமாகத் தெரியும்.

(3) அச்செதிலின் இடுக்கில் முளை அல்லது கண் இருக்கும். நிலத்திற்கு மேல் இலைக்கக்கத்தில் மொட்டு இருப்பதைப்போன்றதே இது. உருளைக்கிழங்கின் கண்களும் இவ்விதமே கிழங்கைச் சுற்றி ஒழுங்காய் அமைந்திருக்கின்றன.

(4) தண்டின் நுனியிலும் முளை உண்டு. வேரின் நுனியில் முளைக்குப் பதிலாக, மண்ணைத் துளைத்துச் செல்வதற்கான மூடி ஒன்றே இருக்கும்.

(5) மெய்யான வேர்கள் இத்தண்டின் அடிப்பக்கத்திலிருந்து சல்லிகளாகப் புறப்படும்.

சர்க்கரைவள்ளியையும் மரவள்ளியையும் இவ்வடையாளங்களைக்கொண்டு சோதித்தால் அவற்றிற் கணுவும் இல்லை, செதிலும் இல்லை, ஒழுங்கான கண்ணும் இல்லை. அவை உணவைச் சேமித்துப் பருத்த வேர்கள். அதனாலேதான் மரவள்ளியைக் குச்சி வெட்டியும், சர்க்கரைவள்ளியைக் கொடி வெட்டியும் நடுகின்றனர். சர்க்கரைவள்ளிக் கிழங்கை ஈரமண்ணிற் புதைத்தால் தளிர் கிளம்புவதில்லையா என்று கேட்கலாம். கிளம்புவதுண்டு, நாற்றங்காலில் கொடி பெருக்குவதற்கு அதனைப் பயன்படுத்துவதும் உண்டு. ஆனால் அத்தளிர் கணுவில் ஏற்கெனவே இருந்த முளையன்று. வேரின்மேல் புதிதாகத் தோன்றியது.

நிலத்தடித் தண்டின் வகைகள்

நிலத்தடித் தண்டுகளை நான்கு வகையாகப் பிரிப்பது வழக்கம்.

மட்டநிலத்தண்டு: மண்ணுக்குட் கிடையாகப் படர்ந்து கிளைப்பது. இஞ்சி, மஞ்சள், தாமரை, மூங்கில் ஆகியவை உதாரணம்.

கந்தம்: கிடையாக ஓடாமல் செங்குத்தாகக் குறுகித் தடித்தது. சேனையும் சேம்பும் இவ்வகை.

கிழங்கு: மெல்லிய நிலத்தடிக் கிளையின் நுனி மட்டும் பருத்து உண்டாவது. தாவர நூலார் கிழங்கு என்னும் சொல்லை இவ்வொரு வகைக்கே உரிமையாக்குகின்றனர். உருளைக்கிழங்கு இதற்குச் சிறந்த உதாரணம்.

குமிழம்: வெங்காயமும் பூண்டும் இவ்வகை. இதில் தண்டு என்பது அடியில் வேர் புறப்படும் சிறு தட்டு மாத்திரமே. உண்ணும் பகுதி முழுதும் சதைப்பற்றுள்ள இலைச் செதில்களே. விதை வெங்காயத்தில் அவ்வடித்தட்டு அழுகியிருந்தால், மேற்பகுதி எவ்வளவு பளபளப்பாயினும் விதைக்கு உதவாது.

வாழையைப்பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதன் அடிக்கட்டையை மட்டநிலத்தண்டு என்பாரும் உண்டு. கந்தம் என்பாரும் உண்டு. எப்பெயரிடினும் அதுவே வாழையின் மெய்யான தண்டு. மேலே நிற்பது இலைமட்டைகள் ஒன்றையொன்று தழுவியதால் உண்டான போலித்தண்டு.

விதைக்கிழங்கைத் தெரிந்தெடுத்தல்

மேற்கண்ட விவரத்தின் முதற்பயன் விதைத் தேர்வில் விளங்கும். தண்டை விதையாக நடுகிறவன் நடுவது கிழங்கையன்று, அதிலுள்ள முளையையே. சதைப்பற்று அம்முளைக்குக் கட்டுச்சோறு போன்றது. முளையில்லாத கிழங்கு எவ்வளவு பருத்திருந்தாலும் மண்ணில் அழுகுவதைத் தவிர வேறு பயனில்லை.

மஞ்சளிற் செடியின் அடியில் உண்டாகும் முதற்பருமனைத் தாய்க்கிழங்கு அல்லது குண்டு என்றும், அதன் கணுக்களிலிருந்து கிளைத்தவற்றை விரலி என்றும் வழங்குவர். இரண்டும் ஒரே தண்டின் பகுதிகளாதலின் இரண்டையும் விதைக்கலாம். தாய்க்கிழங்கு பெரிதாயின் ஒவ்வொரு துண்டிலும் நல்ல முளை இருக்கும்படி பிளந்து நடலாம். ஏக்கருக்கு 800 கிலோ முதல் 1,000 கிலோ வரை விதை தேவைப்படும் பயிரில், மூட்டையில் நான்கில் ஒரு பங்கு முளை ஒடிந்த கிழங்காயிருக்குமாயின் நட்டம் எவ்வளவு என்பதைக் குடியானவர் தாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். பணம் கொடுக்குமுன் மூட்டையின் மேலிருந்தும், நடுவிலிருந்தும், அடியிலிருந்தும் சில கிழங்குகளை எடுத்து முளைகளை எண்ணிப் பார்ப்பது நலம். கிழங்கின்மேல் வெண்சாம்பல் நிறப் பொட்டுகள் அடர்ந்திருந்தால் அது செதில்பூச்சியின் அடையாளம். அதனைத் தள்ளிவிட வேண்டும்.

இஞ்சியில் துண்டு ஒவ்வொன்றும் 2.5 செ.மீ. முதல் 5 செ.மீ. நீளமும், 20 கிராம் முதல் 25 கிராம் எடையும், ஒன்று அல்லது இரண்டு நல்ல முளைகளும் உடையதாய் இருக்க வேண்டும் என்பது கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் சிபாரிசு. லிட்டருக்கு 3 கிராம் வீதம் மான்கோசெப் கலந்த நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்திய பின் நடுதல் வேண்டும். கணுவிற்கு ஒரு முளை உண்டு என்னும் உண்மையைக்கொண்டே அந்நிலையத்தார் புதிய முறையொன்றையும் வகுத்துள்ளனர். ஒற்றை முளையுடன் ஏறத்தாழ 5 கிராம் எடையுள்ள துண்டுகளைக் குழித்தட்டுகளில் தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து நட்டு, 30 முதல் 40 நாட்களில் நாற்றாக எடுத்து வயலில் நடுவதே அது. இதனால் விதையளவு பெரிதும் குறைகின்றது.

சேனையின் நடுமுளை கிழங்கின் தலையில் இருக்கின்றது. ஆகையால் அதனை உருளைக்கிழங்கைப்போற் குறுக்கே துண்டாக்கினால் அடிப்பகுதித் துண்டுகள் முளையின்றிப் போகும். தலையிலிருந்து அடிவரை நெடுக்காகப் பிளந்து, ஒவ்வொரு துண்டிலும் நடுமுளை வளையத்தின் ஒரு பகுதி வரும்படி செய்து, சாணக்கரைசலில் நனைத்து உலர்த்தி நடுவதே முறை.

மூலனூர்ப் பக்கத்தில் பயிராகும் கண்வலிக்கிழங்கு இன்னும் நுட்பமானது. கவைபோன்ற இதன் கிழங்கில் முளை கவையின் நுனியில் மாத்திரமே உண்டு. நுனி ஒடிந்த கிழங்கு முளைக்காது. விலையுயர்ந்த இவ்விதையைச் சாக்கிலிட்டு எறிந்தும் மிதித்தும் கொண்டுவருவது பணத்தை மிதிப்பதற்கு ஒப்பாகும்.

விதையைச் சேமித்தலிலும் இவ்வுண்மை கவனிக்கத்தக்கது. கிழங்கினுள் இருப்பது உயிருள்ள முளை. அதற்குக் காற்று வேண்டும். மஞ்சள் விதையை மரநிழலிற் குவித்து மஞ்சள் இலையால் மூடிவைப்பர். குழியில் மணலும் மரத்தூளும் இட்டுச் சேமிப்பதாயின், எட்டி இலையைப் பரப்பி, மேலே பலகையால் மூடி, காற்றுப்போக வழி வைக்க வேண்டும். மண்ணால் முற்றும் அடைத்த குழியில் வெப்பம் மிகுந்து கிழங்கு அழுகும்.

மண் அணைத்தலின் காரணம்

தண்டு மேல்நோக்கி வளரும் இயல்புடையது. இஞ்சியும் உருளையும் பருக்கப் பருக்க மண்ணுக்கு மேல் எட்டிப்பார்ப்பதற்கு இதுவே காரணம். வெயில் பட்ட உருளைக்கிழங்கு பச்சையாகி உண்பதற்கு ஆகாத நச்சுத்தன்மை அடைகின்றது. இஞ்சிக்கு நட்ட 45-ஆம் நாளிலும் 90-ஆம் நாளிலும் களை பறித்து, உரமிட்டு, மண் அணைத்துத் தழைமூடாக்கு இடவேண்டும் என்பது இதனாலேயே. மண் அணைக்கப்பட்ட கணு மேலும் கிளைத்துக் கிழங்காகும். அணைக்கப்படாத கணு வீணாகும்.

வாழைக் கன்று

வாழையடி வாழை என்பது அதன் நிலத்தடித் தண்டின் முளைகளையே குறிக்கும். அம்முளைகள் இரண்டு வகைக் கன்றுகளாகின்றன. ஈட்டிக்கன்று குறுகிய இலையும், தாய்க்கட்டையுடன் ஆழமாகப் பொருந்திய பருத்த அடிக்கிழங்கும் உடையது. நீர்க்கன்று சிறுவயதிலேயே அகன்ற இலைவிட்டுச் செழிப்பாய்த் தோன்றினும் அடிக்கிழங்கு சிறுத்து மேலாகவே ஒட்டியிருக்கும். இலையின் அழகைக் கண்டு நீர்க்கன்றை வாங்குவோர் பின்னர்த் தாரின் அளவைக் கண்டு வருந்துவர். 1.5 கிலோ முதல் 2 கிலோ வரை எடையுள்ள ஈட்டிக்கன்றைத் தெரிந்தெடுத்து, வேரையும் அழுகிய பாகத்தையும் சீவி, கிழங்கிற்கு மேல் 20 செ.மீ. விட்டு வெட்டி நடுதல் வேண்டும். சீவும்போது கிழங்கிற் கறுத்த துளைகள் காணப்பட்டால் அது கூன்வண்டு குடைந்தது. அக்கன்று தோட்டத்திற்கு ஆகாது.

வேண்டாத பக்கக்கன்றுகளை அரிவாளால் மேலே சீவிவிட்டால் அவை மறுபடியும் வளர்வதைக் கண்டு அலுத்துக்கொள்வோர் உண்டு. வெட்டப்பட்டது இலைமட்டை மாத்திரமே. வளரும் குருத்து நிலமட்டத்திற்கருகே கிழங்கில் இருக்கின்றது. அக்குருத்தைக் குடைந்து அழித்தாலன்றி வெட்டும் கூலி திரும்பத் திரும்பச் செலவாகும்.

களையாக வரும் நிலத்தடித் தண்டுகள்

1977-ஆம் ஆண்டில் ஹோம் முதலிய ஆராய்ச்சியாளர்கள் உலகத்தின் மிகக்கொடிய களைகளைப்பற்றி வெளியிட்ட நூலிற் கோரைக்கு முதலிடமும் அருகம்புல்லுக்கு இரண்டாம் இடமும் கொடுத்தனர். இரண்டும் நம் வயல்களில் நாம் அன்றாடம் காண்பவையே. இவற்றின் வலிமை விதையிலன்று, நிலத்தடித் தண்டிலேயே இருக்கின்றது.

கோரையின் கிழங்குகள் மெல்லிய நிலத்தடிக் கிளைகளாற் சங்கிலிபோற் கோக்கப்பட்டிருக்கும். சங்கிலி அறுபடாதவரை நுனிக்கிழங்கின் முளை மற்றவற்றை அடக்கிவைக்கின்றது. கலப்பை அச்சங்கிலியை அறுத்தவுடன் உறங்கிய கிழங்குகள் தனித்தனியே முளைக்கின்றன. ஈரமண்ணில் ஒருமுறை உழுதுவிட்டுக் களை ஒழிந்ததென்று இருப்பவர் வயலில், சில நாட்களில் முன்னிலும் அடர்த்தியாய்க் கோரை எழுவதன் இரகசியம் இதுவே. இலையை மாத்திரம் கருக்கும் மருந்துகளும் இவ்விதமே ஏமாற்றும். கீழே முளை பிழைத்திருக்கும்.

இதற்குப் பரிகாரம் மூன்று. முதலாவது, கோடையில் நல்ல வெயிலில் உழுது கட்டிகளைப் புரட்டிக் கிழங்குகளையும் அருகின் தண்டுகளையும் காயவைத்துப் பொறுக்கி எரித்தல். காய்ந்த கிழங்கு சாகும். கட்டிக்குள் ஈரத்தில் இருப்பது சாகாது. ஆகையால் ஒரு உழவோடு நில்லாமல் இடைவிட்டு மீண்டும் உழ வேண்டும். இரண்டாவது, முளைத்தவை புதுக்கிழங்கு கட்டுமுன் இரண்டு மூன்று வாரங்களுக்கொருமுறை கொத்திக் களைதல்; சேமித்த உணவு ஒவ்வொரு முறையும் குறைந்து கிழங்கு நலிவுறும். மூன்றாவது, நிழல். கோரை நிழலைத் தாங்காது. சணப்பு, தட்டைப்பயறு முதலியவற்றை நெருக்கி விதைத்தால் கோரை ஒடுங்கும்.

வாய்க்கால்களை அடைத்து நிற்கும் சம்பங்கோரைக்கு வேறு உபாயம் உண்டு. சேற்றுக்குள் இருக்கும் அதன் மட்டநிலத்தண்டிற்குக் காற்று மேலேயுள்ள இலைகளின் வழியாகவே செல்கின்றது. காய்ந்த தாளும் காற்றுக்குழலாய் உதவும். நீர்மட்டத்திற்கு மேல் வெட்டினால் அது தழைக்கும். நீர்மட்டத்திற்குக் கீழே வெட்டி, வெட்டுவாய் நீரில் மூழ்கியிருக்கும்படி சில வாரங்கள் வைத்தால் தண்டு மூச்சடைத்து அழுகும். வெட்டும் கூலி இரண்டிற்கும் ஒன்றே, பலன் வேறு.

இதே இயல்பு மனிதனுக்கு உதவுவதும் உண்டு. கரூர், முசிறிப் பகுதிகளில் காவிரிப் பாசனத்திற் பயிராகும் பாய்க்கோரை நிலத்தடித் தண்டைக்கொண்டே நடப்படுகின்றது. ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் அறுவடை தருகின்றது. பகைவனின் பலம் நண்பனிடத்தும் இருப்பதை இதனால் அறியலாம்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

முதலாவது: பயிர்ச்சேத அறிக்கைகளிற் ‘கிழங்கழுகல்’ என்று மாத்திரம் எழுதுவது போதாது. மஞ்சளிற் கிழங்கழுகல் ‘பித்தியம்’ என்னும் பூஞ்சணத்தாலும், மரவள்ளியிற் கிழங்கழுகல் ‘பைட்டாப்தொரா’ என்னும் வேறொன்றாலும், வாழையிற் கிழங்கழுகல் பாக்டீரியாவாலும் உண்டாகின்றன. பெயர் ஒன்று, நோய் மூன்று, பரிகாரமும் வெவ்வேறு. ஆதலின் பயிரின் பெயர், நட்ட மாதம், அழுகல் தண்டிலா, வேரிலா, கழுத்துப்பகுதியிலா என்பது, வயலில் நீர் தேங்குகின்றதா என்பது ஆகியவற்றைச் சேர்த்து எழுதினால் தக்க யோசனை தாமதமின்றிக் கிடைக்கும்.

இரண்டாவது: அடங்கலில் ‘கிழங்கு’ என்று பொதுவாகப் பதியாமல் மரவள்ளி, சேனை, சேம்பு என்று பயிரையே குறிப்பிட வேண்டும். இழப்பீடும் காப்பீடும் பயிரின் பெயரைப் பொறுத்தே கணக்கிடப்படுகின்றன. பதிவு தெளிவாக இல்லாவிடில் நட்டம் அடைந்தவனே மீண்டும் நட்டப்படுவான்.

மூன்றாவது: ஏரி குளங்களிலிருந்து வயலுக்கு வண்டல் எடுக்கும்போது, கோரை அடர்ந்த இடத்து மேல்மண்ணைத் தவிர்க்கும்படி குடியானவர்களுக்குச் சொல்லுதல் நலம். ஒரு வண்டி வண்டலுடன் வரும் ஒரு கூடைக் கோரைக்கிழங்கு பல ஆண்டுக் களைக்கூலிக்கு வித்தாகும்.

முடிவு

மேற்கூறியவற்றின் சாரம் சுருக்கமானது. மண்ணுக்குள் இருப்பதெல்லாம் வேரன்று. கணுவும் செதிலும் கண்ணும் இருந்தால் அது தண்டு. நடும்போது முளையைக் காப்பாற்றுக; அழிக்கும்போது முளையை அழிக்குக. இவ்விரண்டையும் மனத்திற்கொண்டு, அடுத்த நடவிற்கு விதை வாங்கச் செல்லுமுன் வீட்டிலுள்ள ஓர் இஞ்சித்துண்டையும் ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், ஏடுகள் பல படித்தாலும் எளிதில் விளங்காத இப்பேதத்தைத் தம் கண்ணாலேயே அறிந்துகொள்வார். அவ்வறிவு விதைச்செலவிலும் களைக்கூலியிலும் மீதமாகத் திரும்பி வரும்.